காது திடீரென்று கேட்காமல் போனால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காதீர்கள்

"ஸ்கேன் நார்மல்தான் டாக்டர், ஆனா காதுதான் கேக்கல." இதைக் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துப்போகிறது. அண்மையில் இங்கே சிங்கப்பூரில் என்னிடம் வந்த ஒருவருக்கு ஒருநாள் காலை எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது, லேசான தலைசுற்றல் வேறு. சளி என்று நினைத்து மாத்திரை போட்டிருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோமே, சென்னையில் செலவு குறைவு என்று அங்கே சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்ததும் நிம்மதியாக இருந்துவிட்டார். என்னிடம் வந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. செவிப்புலன் சோதனை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள்: உட்காதில் அழற்சி தொடங்கியிருக்கும்போது சிடி ஸ்கேனில் அது தெரியாது. சிடி எலும்பைப் பார்க்கும் படம். உட்காது என்பது இரண்டரைச் சுற்றுச் சுருண்ட நத்தை எலும்பும், அதற்குள் இருக்கும் திரவமும், மெல்லிய சவ்வுகளும். கோளாறு அந்தத் திரவத்திலும் சவ்விலும். குழாயில் வரும் தண்ணீர் கலங்கலா என்று வெளிச்சுவரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எலும்பு நன்றாக இருக்கிறது என்றுதான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. காது நன்றாக இருக்கிறது என்று அதில் எங்கும் எழுதவில்லை.

அப்படியென்றால் எம்.ஆர்.ஐ? கடோலினியம் மருந்தை ஊசிவழி ரத்தத்தில் ஏற்றி எடுத்தால், அழற்சி உள்ள இடம் படத்தில் வெளுப்பாகத் தெரியலாம். தெரியாமலும் போகலாம். அழற்சி இருந்தும் படம் சுத்தமாக வருவதை அடிக்கடி பார்க்கிறோம். திடீரென்று கேட்காமல் போனவருக்கு நாங்கள் எம்.ஆர்.ஐ எழுதித் தருவதே முக்கியமாகக் கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்தப் படம் சில வாரம் கழித்து வந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சிகிச்சைதான் தள்ளிப்போகக் கூடாது.

அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எல்லோருக்கும் கேட்கும் திறன் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நாள் போகப்போக வாய்ப்புக் குறைகிறது. நம்மவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், ஸ்டீராய்டு என்றாலே சர்க்கரை ஏறிவிடுமோ என்று பயம். பயப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே போடும் ஊசியும் உண்டு.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் குறும்பியோ சளியோ காரணமாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உட்காதையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும், அன்றே கிளம்புங்கள். தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இசைக்கவையை நெற்றியில் வைத்து நாங்கள் பார்ப்பதும் இதைத்தான். இது முடிவான சோதனை கிடையாது. சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும் பாலிகிளினிக்குக்கோ குடும்ப டாக்டரிடமோ போய், "திடீரென்று காது கேட்கவில்லை" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். "காது அடைப்பு" என்று மட்டும் சொன்னால் சொட்டு மருந்தோடு அனுப்பிவிடக்கூடும்.

ஸ்கேன் அவசரமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) வந்து கேட்காமல் போனால் எம்.ஆர்.ஐ உடனே வேண்டும், ஏனென்றால் சில வாரங்களிலேயே நத்தை எலும்புக்குள் புது எலும்பு வளர்ந்து காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் கேட்க உதவும் கருவியை உள்ளே வைக்க வழியில்லாமல் செய்துவிடும். காதுக்குப் பின்னால் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அங்கே சிடி உதவும். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள், டாக்ஸி தேடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ எடுக்க வரும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அன்று மட்டும் வெறும் மஞ்சள் கயிறு கட்டி வாருங்கள், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். உடலுக்குள் பேஸ்மேக்கரோ வேறு உலோகமோ இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு சொன்னால் எங்களால் அதிகம் செய்ய முடியாது.