ப்ரோஸ்டேட் ஆபரேஷனும் முதலமைச்சர் காப்பீட்டு கார்டும்: அலையறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

எங்க பெரியப்பாவுக்கு ப்ரோஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு கீழ இருக்கற சுரப்பி) வீங்கி மூத்திரம் அடைச்சுருச்சு, ஒன்றரை மாசம் மூத்திர டியூபோட அலைஞ்சாரு. டியூபுல இருந்து மூத்திரம் சேர்ற பையை ஜவுளிக்கடை மஞ்சப்பைக்குள்ள போட்டு, ஏதோ காய்கறி வாங்கிட்டு வர்ற மாதிரி கையில தூக்கிட்டு வி.ஏ.ஓ ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ்னு. இடுப்புக்கு மேல தூக்கக்கூடாது, மூத்திரம் திரும்ப உள்ள போயிரும்னு நர்ஸ் சொல்லிருந்தாங்க, அதனால பஸ்ல சீட் கெடைச்சாலும் மடியில வைக்க மாட்டாரு, காலடியில வச்சுட்டு யாராவது மிதிச்சிருவாங்களோன்னு குனிஞ்சு பாத்துட்டே வருவாரு. டாக்டர் ரெடி, பெட் ரெடி, கார்டு மட்டும் இல்ல. கார்டு கைக்கு வந்தப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வர நாலு நாள்தான் ஆச்சு. இத எழுதறதே அந்த ஒன்றரை மாசத்துக்காகத்தான்.

திட்டத்தோட கதை ரெண்டு வரி போதும். முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடு 2012 ஜனவரில ஆரம்பிச்சது, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோட சேத்துட்டாங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா குடும்பத்துக்கே சேத்து வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை, கையில இருந்து காசு குடுக்க வேண்டாம். பழைய 72,000 கணக்கு இப்ப இல்ல, யாராவது அத சொல்லி திருப்பி அனுப்புனா நம்பாதீங்க.

முதல் பொறி என்னன்னா, இந்த கார்டு பெரும்பாலும் பெட்ல படுத்தாத்தான் வேலை செய்யும். ப்ரோஸ்டேட் வீக்கத்துக்கு நெறைய பேருக்கு மாத்திரையே போதும், ஆனா மாசா மாசம் வாங்கற டாம்சுலோசின் மாத்திரைக்கு கார்டு காசு தராது. ஆபரேஷனுக்கு தரும். அப்ப என்ன ஆகும்? தனியார் ஆஸ்பத்திரில கார்டை காட்டுன உடனே "ஆபரேஷன் பண்ணிரலாம், ஃப்ரீதான"ன்னு பேச்சு வரும். எல்லா டாக்டரையும் சொல்லல. ஆனா ஃப்ரீங்கறதுக்காக யாரும் ஆபரேஷன் பண்ணிக்க வேண்டாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்ல "கிரேடு 2 ப்ரோஸ்டேடோமெகலி"ன்னு (ப்ரோஸ்டேட் வீங்கியிருக்குன்னு அர்த்தம்) பாத்துட்டு தூக்கம் போனவங்க எனக்கு தெரிஞ்சே நாலஞ்சு பேர். அளவை மட்டும் வச்சு முடிவு பண்றதில்ல. ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கறீங்க, முக்கி முக்கி போறீங்களா, போனப்புறமும் உள்ள எவ்ளோ தேங்குது, இதுதான் கேள்வி. மாத்திரை, டியூப் எல்லாம் பாத்தும் மூத்திரம் அடைச்சுட்டே இருக்கு, அடிக்கடி இன்ஃபெக்ஷன், ரத்தம் திரும்பத் திரும்ப வருது, மூத்திரப்பையில கல்லு, இல்ல கிட்னி கெட ஆரம்பிச்சிருச்சு, இந்த மாதிரின்னா ஆபரேஷனை தள்ளிப் போடக் கூடாது. மத்தவங்களுக்கு டைம் இருக்கு. டாம்சுலோசின் சில நாள்லயே வேலை காட்டும், ராத்திரி போட்டுட்டு எந்திரிக்கறப்ப மெதுவா எந்திரிக்கணும், தலை சுத்தும். கண்புரை ஆபரேஷன் இருந்தா இத போடறேன்னு கண் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். ப்ரோஸ்டேட்டை சுருங்க வைக்கற இன்னொரு மாத்திரை, டுடாஸ்டரைடு, அது வேலை காட்ட ஆறு மாசம் கூட ஆகும், ரெண்டு மாசத்துல பிரயோஜனம் இல்லன்னு நிறுத்திடறாங்க. அத சாப்பிட்டா ரத்தத்துல பி.எஸ்.ஏ (ப்ரோஸ்டேட் கேன்சர் சந்தேகம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) அளவும் ஏறக்குறைய பாதியா குறையும், ரத்த டெஸ்ட் எடுக்கறப்ப சொல்லலன்னா கணக்கு தப்பாயிடும். பெரிய அரசு ஆஸ்பத்திரில இந்த மாத்திரை இருந்தா இலவசம், ஸ்டாக் இல்லன்னு சொன்னா முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம்னு இருக்கற மலிவு விலை கடைல வாங்குங்க, வெளிய விக்கற விலையில பாதிக்கும் கீழகூட வரும்.

திடீர்னு அடைச்சு டியூப் போட்டாச்சுன்னா கூட உடனே ஆபரேஷன்னு இல்ல. மாத்திரை குடுத்து ரெண்டு மூணு நாள் கழிச்சு டியூபை எடுத்துப் பாப்பாங்க, சில பேருக்கு மூத்திரம் தானா போக ஆரம்பிச்சுரும். "எடுத்துப் பாக்கலாமா டாக்டர்"னு கேளுங்க.

சரி, ஆபரேஷன்னு முடிவாயிருச்சு. இப்பதான் ஆபீஸ் கூத்து. வருமானம்னா அப்பாவோட வருமானம் மட்டும் இல்ல, ரேஷன் கார்டுல இருக்கற குடும்பத்தோட வருமானம். அறுபத்தஞ்சு வயசு அப்பாவுக்கு முதியோர் பென்ஷன் தவிர ஒண்ணும் இல்ல, ஆனா பேரு மகன் கார்டுல இருக்கு, மகன் கம்பெனில இருபதாயிரம் வாங்கறான், முடிஞ்சது, தகுதி இல்ல. அப்பா நெசமாவே தனியா சமைச்சு தனி வீட்டுல இருந்தா மகன் கார்டுல இருந்து பேரை நீக்கிட்டு தனி கார்டு போடலாம், ஆனா அதுக்கு மாசக்கணக்குல ஆகும். டியூப் போட்டப்புறம் ஆரம்பிக்கற வேலை இல்ல அது. இப்பவே வீட்டுல அறுபது தாண்டுன ஆம்பளை இருந்தா ரேஷன் கார்டை எடுத்து யார் யார் பேரு இருக்குன்னு பாருங்க.

வருமான சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல 60 ரூபா. அது வி.ஏ.ஓ, ஆர்.ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகான்னு ஒவ்வொரு படியா ஏறும். எந்தப் படியில நின்னாலும் யாரும் கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க. பெரியப்பாவோடது, ஏத்துன பேப்பரோட ஸ்கேன் காப்பி தெளிவா இல்லன்னு திருப்பி அனுப்பி பன்னெண்டு நாள் ஆயிருந்துச்சு, நாங்க "சார் கையெழுத்து போடுவாரு"ன்னு காத்துட்டு இருந்தோம். ரசீது நம்பரை வச்சு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ நீங்களே பாருங்க. வி.ஏ.ஓ எங்கன்னு கேட்டா ஃபீல்டுக்கு போயிருக்காருன்னுதான் பதில் வரும், அந்த ஃபீல்டு எங்க இருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம் இனிஷியல். ஆதார்ல பேருக்குப் பின்னாடி அப்பா பேரு முழுசா இருக்கும், ரேஷன் கார்டுல முன்னாடி ஒத்தை எழுத்து. கார்டு போடற கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு கவுண்டர்ல லைன்ல நின்னு போனப்புறம்தான் "பேரு மேட்ச் ஆகல, திருத்திட்டு வாங்க"ம்பாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வீட்டுலயே பாத்துட்டுப் போங்க. பழைய கார்டு இருக்கேன்னு தைரியமா இருக்கறவங்களும் 1800 425 3993க்கு போன் பண்ணி அந்த கார்டு நம்பர் இப்ப உயிரோட இருக்கா, நோயாளி பேரு அதுல இருக்கான்னு கேட்டுக்கங்க. இலவச நம்பர்தான். கவர்மெண்ட் பென்ஷன்ல மாசா மாசம் பிடிக்கறாங்களே அது வேற இன்சூரன்ஸ், அத வச்சு இங்க வர முடியாது.

ஆஸ்பத்திரி விஷயத்துல ஒரு பொறி இருக்கு. வாசல்ல திட்டத்தோட போர்டு இருந்தா எல்லா நோய்க்கும் உண்டுன்னு அர்த்தம் இல்ல, பிரிவு பிரிவாத்தான் அனுமதி. எலும்புக்கு இருக்கும், யூராலஜிக்கு (மூத்திர சம்பந்தமான நோய்ப் பிரிவு) இருக்காது. அட்மிஷன் போடறதுக்கு முன்னாடி "யூராலஜிக்கு கார்டு எடுப்பீங்களா"ன்னு அப்படியே கேளுங்க. அதே மாதிரி, கார்டே இல்லன்னாலும் யூராலஜி இருக்கற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில இந்த ஆபரேஷன் இலவசம்தான், காத்திருக்கணும் அவ்ளோதான். இத பெரியப்பாகிட்ட முதல் நாளே ஒருத்தரும் சொல்லல.

தனியார்ல அடுத்த பேச்சு லேசர். "கார்டுல சாதாரண டி.யூ.ஆர்.பி தான், லேசர்னா மேல கொஞ்சம் கட்டணும்"னு சொல்வாங்க. டி.யூ.ஆர்.பின்னா மூத்திர வழியாவே கருவியை விட்டு வீங்குன சதையை சுரண்டி எடுக்கறது, அது ஒண்ணும் மட்டமான வைத்தியம் இல்ல, பல வருஷமா பண்ணிட்டு வர்றது, ஓரளவு வீக்கத்துக்கு நல்லாவே வேலை செய்யும். ரொம்பப் பெருசா இருந்தாலோ ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறவரா இருந்தாலோ லேசருக்கு நியாயம் உண்டு, காரணத்தை டாக்டர் வாயால கேளுங்க, பில் கவுண்டர்ல கேக்காதீங்க. எதுவா இருந்தாலும் அதுக்கப்புறம் விந்து வெளிய வராம உள்பக்கம் போறது பெரும்பாலானவங்களுக்கு நடக்கும், அத வெக்கப்பட்டு யாரும் சொல்றதில்ல, முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

காப்பீட்டுல இருந்து அப்ரூவல் வந்தப்புறம் பெட், மயக்க மருந்து, மருந்து, டெஸ்ட் எல்லாம் பேக்கேஜுக்குள்ளதான். டெபாசிட், ஊசி வெளிய வாங்கிட்டு வாங்கன்னு கேட்டா ரசீது குடுங்கன்னு கேளுங்க. பாதி பேர் அதோட விட்டுருவாங்க. விடலன்னா அங்கயே நின்னு மேல சொன்ன நம்பருக்கு போன் போடுங்க, வீட்டுக்கு வந்தப்புறம் பண்ணி பிரயோஜனம் ரொம்பக் குறைவு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு "பணம் எதுவும் வாங்கல, திருப்தி"ங்கற மாதிரி ஒரு பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க, பணம் குடுத்திருந்தா கையெழுத்து போடாதீங்க. சுரண்டி எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்புவாங்க, அந்த ரிப்போர்ட் வர சில நாள் ஆகும், அதுக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க, நீங்களே போய் வாங்கி டாக்டர்கிட்ட காட்டிருங்க.