வெள்ளம் எந்த மாசம் வருதுங்கறதுலதான் விஷயமே இருக்கு

ஆத்தங்கரையில நாகரிகம் வளந்துச்சுன்னு ஒரே வரியில சொல்லி முடிச்சுடுறோம், ஆனா அந்த ஆத்துல வெள்ளம் எப்ப வரும்னு யாரும் கேக்கறதில்ல. எகிப்தையும் சுமேரையும் பக்கத்துல வச்சுப் பாத்தா இது நல்லாப் புரியும்.

எத்தியோப்பியா மலைகள்ல பெய்யற மழை நீல நைல் வழியா எகிப்துக்கு வந்து சேர்றது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல. அறுப்பு எப்பவோ முடிஞ்சு வயல் சும்மா கிடக்கற நேரம் அது. கரை கட்டி வச்ச பாத்திகளுக்குள்ள வெள்ளத்த விட்டு 40 நாள், 60 நாள் தேக்கி வைப்பாங்க, வண்டல் படியும், மண்ணு ஈரத்த வயிறு நிறையக் குடிச்சுக்கும், அப்புறம் மிச்சத் தண்ணிய வடிச்சுட்டு அந்த ஈரத்துலயே கோதுமையும் பார்லியும் விதைச்சா அறுப்பு வரைக்கும் பெருசா பாய்ச்ச வேண்டியதில்ல. வடியற தண்ணி உப்பையும் கழுவிட்டுப் போயிடும்.

சுமேர்ல, அதாவது இன்னைய தெற்கு ஈராக்குல, கதையே தலைகீழ். டைக்ரிஸ், யூப்ரடீஸ் ரெண்டும் மலைப்பனி உருகி ஏப்ரல், மே மாசத்துல பொங்கும், கதிர் முத்தி நிக்கற நேரம் பாத்து. விதைக்கற அக்டோபர், நவம்பர்லயோ ஆறு வத்திக் கிடக்கும். அதனால ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டித் தண்ணிய இழுக்கணும், இன்னொரு பக்கம் கரை போட்டு வெள்ளத்தத் தடுக்கணும், வருஷா வருஷம் தூர் வாரணும், யாருக்கு எப்ப தண்ணின்னு கணக்கு வைக்கணும், இதெல்லாம் ஒரு குடும்பத்தால ஆகற காரியமா? சுமேரோட நகர அரசுகளான லகாஷும் உம்மாவும் எல்லை வயலுக்கும் வாய்க்காலுக்கும் தலைமுறை தலைமுறையா அடிச்சுக்கிட்டாங்க. கி.மு. 18-ம் நூற்றாண்டு பாபிலோன் ராஜா ஹமுராபியோட சட்டத்துல, கரையக் கவனிக்காம விட்டு உடைப்பெடுத்துப் பக்கத்து வயல் மூழ்கினா நஷ்டமான தானியத்த ஈடு கட்டணும், முடியலன்னா அந்த ஆளையே வித்துடலாம்னு இருக்கு. அவ்வளவு கடுமையா எழுதியிருக்காங்கன்னா கரைங்கறது அவங்களுக்கு உயிர்.

ஆனா அவங்கள மெதுவா அரிச்சது உப்பு. தட்டையான நிலம், வடிகால் கிடையாது. பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தடி நீர் மேல ஏறும், விளக்குத்திரி எண்ணெய இழுக்கற மாதிரி மண்ணு அதை மேல இழுக்கும், வெயில்ல தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் நின்னுடும், வயல் வெள்ளையா உவர் பூத்துடும். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் தரிசா போட்டுச் சமாளிச்சாங்க. உப்பத் தாங்காத கோதுமை குறைஞ்சு பார்லி பெருகினதுக்கு இதுதான் காரணம்னு ஜேக்கப்சன், ஆடம்ஸ்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1958-ல எழுதினாங்க, அதை மறுக்கறவங்களும் உண்டு.

1970-ல அஸ்வான் பெரிய அணை முடிஞ்சு நைல் வெள்ளம் நின்னதும் எகிப்துலயும் வருஷம் பூரா வாய்க்கால் பாசனம்தான், அதே உப்புத் தொல்லை அங்கயும் வந்துச்சு. இப்ப வயலுக்கு அடியில குழாய் பதிச்சு வடிக்கறாங்க.