மின்வேதிக் குளோரைடு வெளியிழுப்பு

கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட்டுக்குள் புகுந்துவிட்ட, உப்பின் ஒரு கூறான குளோரைடை, கான்கிரீட்டை உடைக்காமலே மின்சாரத்தால் வெளியே இழுக்கும் பழுதுபார்ப்பு முறை இது. ஆங்கிலப் பெயர் எலக்ட்ரோகெமிக்கல் குளோரைடு எக்ஸ்ட்ராக்‌ஷன். 1970களில் அமெரிக்காவில் பாலங்களுக்காகச் சோதிக்கப்பட்டு, பின்னர் நார்வேயில் வணிக முறையாக வளர்ந்தது. அங்கெல்லாம் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்புதான் பெரிய தொல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுவை வைத்திக்குப்பத்திலோ கடற்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சன்ஷேடு அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் 'உப்பு அரிச்சிடுச்சு' என்பார்கள். உண்மையில் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். அந்தப் படலத்தைக் குளோரைடு உடைக்கிறது. அப்புறம் துரு. இரும்பைவிடத் துருவின் பருமன் பல மடங்கு அதிகம் என்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூப்பது வேறு சங்கதி.

இனி பெயருக்கு வருவோம். குளோரைடின் வேர் 'குளோரோஸ்' என்ற கிரேக்கச் சொல். மஞ்சள் கலந்த பச்சை என்று பொருள். வாயுவின் நிறத்தைப் பார்த்து ஹம்ப்ரி டேவி 1810இல் அதற்குக் குளோரின் என்று பெயர் வைத்தார். தனித்தமிழில் பாசிகம் என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் பாடப்புத்தகத்திலும் பரிசோதனைச் சீட்டிலும் இருப்பது குளோரைடுதான், அதுவே இருக்கட்டும். 'மின்வேதியியல்' என்று நீட்டவும் வேண்டாம். இயல் என்பது படிப்புக்கு. இங்கே நடப்பது ஒரு வினை, அதற்கு 'மின்வேதி' போதும்.

சிக்கல் கடைசிச் சொல்லில். எக்ஸ்ட்ராக்‌ஷன் லத்தீனிலிருந்து வந்தது, வெளியே இழுத்தல் என்று பொருள். அதைத் தமிழில் 'நீக்கம்' என்றும் 'உப்பு நீக்கம்' என்றும் எழுதிவிடுகிறோம். செய்முறையைப் பார்த்தால் இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று தெரியும்.

கான்கிரீட்டின் மேல் டைட்டானியம் வலையை விரித்து, மின்பகுளியில் (மின்சாரத்தைக் கடத்தும் கரைசலில்) ஊறிய நார்ப்பொருளால் மூடுவார்கள். வலை நேர்மின்வாய், உள்ளே இருக்கும் கம்பி எதிர்மின்வாய். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் சில வாரங்கள் ஓடும். எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனிகள் கம்பியை விட்டு விலகி வலையை நோக்கி நகரும். கம்பியருகே ஹைட்ராக்சைடு உருவாகிக் காரத்தன்மையும் மீளும். வேலை முடிந்ததும் வலையைக் கழற்றிவிடலாம். வலை நிரந்தரமாக இருந்து, சிறு மின்னோட்டம் தொடர்ந்து ஓடினால் அது எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு என்ற வேறு முறை. இரண்டையும் குழப்பக் கூடாது.

சரி, உப்பில் குளோரைடோடு சோடியமும் உண்டே, அது என்ன ஆகிறது? நேர்மின்னேற்றம் உள்ளதால் எதிர்த்திசையில், கம்பியை நோக்கிப் போகிறது. ஆக, உப்பு நீங்கவில்லை; பாதி வெளியே, பாதி இன்னும் உள்ளே. ஜல்லி காரத்தோடு வினைபுரியும் வகையாக இருந்தால் இப்படிச் சேரும் சோடியமே பின்னால் விரிசல் விடவைக்கும். 'உப்பு நீக்கம்' என்ற பெயர் இந்த ஆபத்தை மறைத்துவிடுகிறது. வெறும் 'நீக்கம்' என்பதும் மிகை. சிமெண்டோடு வேதிமுறையில் பிணைந்த குளோரைடில் ஒரு பங்கும், கம்பிக்குப் பின்புறம் இருப்பதும் அங்கேயே தங்கிவிடும்.

அதனால்தான் 'வெளியிழுப்பு' என்கிறேன். இழுத்ததைச் சொல்கிறது, எல்லாம் வந்துவிட்டதாக வாக்குக் கொடுக்கவில்லை. 'பிரித்தெடுப்பு' என்பதும் தவறில்லை, ஆனால் தாதுவிலிருந்து உலோகம் எடுப்பதை நினைவூட்டுகிறது. இங்கே யாருக்கும் குளோரைடு வேண்டாம்.

புதுவையிலோ கடலூரிலோ சாதாரண வீட்டுக்கு இதன் செலவு கட்டுப்படியாகாது; பாலம், துறைமுக மேடை போன்றவற்றுக்கான முறை. அங்கும் பிரீஸ்ட்ரெஸ்டு கம்பி (இழுத்து விறைப்பேற்றிய கம்பி) இருந்தால் தவிர்ப்பார்கள், கம்பியருகே உருவாகும் ஹைட்ரஜன் அந்த எஃகை நொறுங்க வைக்கும் என்பதால். புதிதாகக் கட்டுபவர்கள் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்வதைப் பார்க்கலாம்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரை ஊற்றும் முன் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.