இன்யாங்கா கொடுத்ததையும் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகே ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். வார்டில் புதிதாகச் சேருபவர்களிடம், வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வது என் வேலை. இரத்த அழுத்தம், சர்க்கரை, எச்ஐவி என்று மாத்திரைகளை ஒன்றுவிடாமல் சொல்வார்கள். "இன்யாங்காவிடம் (மூலிகை வைத்தியரிடம்) ஏதாவது வாங்கிக் குடித்தீர்களா?" என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். "இல்லை" என்பார்கள். கட்டிலோர அலமாரியில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் பழுப்புநிறக் கஷாயம் பாதி தீர்ந்து நிற்கும். எங்கோ ஒரு நர்ஸோ டாக்டரோ இதற்காக முன்பு திட்டியிருப்பார். உயிருக்கு ஆபத்தான இந்த "இல்லை" அந்தத் திட்டில்தான் தொடங்குகிறது.

இங்குள்ள சுலு மக்களிடையே இன்யாங்கா மூலிகை வைத்தியர். சங்கோமா என்பவர் முன்னோரின் அழைப்பைப் பெற்று, ஒரு குருவிடம் தங்கிப் பயின்று, நோயின் காரணத்தைக் குறி பார்த்துச் சொல்பவர். இறந்துபோன பாட்டனும் பாட்டியும் இன்னமும் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை மறந்தால் நோயும் கஷ்டமும் வரும் என்பது நம்பிக்கை. பட்டம் பெற்று அலுவலகம் போகிறவர்களும் இம்பெஃபோ என்ற மூலிகையை எரித்துப் புகை போட்டு, முன்னோரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுகிறார்கள். சங்கோமா, நோயாளியின் குடும்பம் முழுவதையும் பற்றிக் கேட்பார். எங்கள் புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரமே கிடையாது. மக்கள் அவரிடம் போவதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

நீதிமன்றமும் இதை மதித்திருக்கிறது. சங்கோமா பயிற்சியை முடிக்கச் சம்பளமில்லா விடுப்புக் கேட்ட ஒரு சமையல் பணியாளரை, அவர் பணிபுரிந்த ஹோட்டல் வேலையை விட்டு நீக்கியது. தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2013-ல் அந்த நீக்கம் நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. நம்பிக்கை தர்க்கத்துக்குப் பொருந்துகிறதா என்று ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை இல்லை, அவர் மனமார நம்புகிறாரா என்பதையே பார்க்க முடியும் என்றார்கள் நீதிபதிகள்.

ஆனால் நம்பிக்கையை மதிப்பதற்காக, உடலுக்குள் போகும் பொருளைக் கேள்வி கேட்காமல் விட முடியாது. இம்பிலா என்ற செடியின் வேரை எடுத்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள நஞ்சு இரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கி, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்துவிடும். குறிப்பிட்ட முறிமருந்து கிடையாது. குழந்தைகளுக்கு எனிமாவாகக் கொடுக்கும்போது இன்னும் மோசம். மூலிகையே அல்லாத பொட்டாசியம் டைகுரோமேட்டும் எனிமாவில் சேர்ந்துவிடுவதுண்டு. தோல் பதனிடும் தொழிலில் பயன்படும் ஆரஞ்சு நிறப் படிகம் அது. சிறுநீரகத்தை அழித்துவிடும்.

கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் இசிஹ்லம்பேசோ என்ற கஷாயம் குடிப்பார்கள். சுகப்பிரசவம் ஆகட்டும் என்று மாமியாரோ பாட்டியோ அன்போடு காய்ச்சிக் கொடுப்பது. அதில் சேரும் சில செடிகள் கருப்பையைச் சுருங்க வைக்கக்கூடியவை. அது தெரியாமல் பிரசவ வார்டில் வலி வரவழைக்கும் மருந்தை ஏற்றினால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. "என்ன குடித்தாய், எப்போது குடித்தாய்?" என்று பரிவோடு கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எளிதில் தீரும் சிக்கலும் உண்டு. உடலைச் சுத்தப்படுத்த மூலிகைத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுக்கும் பழக்கம் இங்கே பரவலானது. எச்ஐவி மாத்திரையை விழுங்கிய கையோடு வாந்தி எடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அப்படியே தொடர்ந்தால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகும். வாந்தியை நிறுத்து என்று நான் சொல்வதில்லை. மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

எச்ஐவி பற்றிப் பேசினால் எல்லாப் பழியையும் பாரம்பரிய வைத்தியர்கள் மீது போடுகிறார்கள். எனக்கு இது ஏற்புடையதே இல்லை. பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை, ஆப்பிரிக்கக் கிழங்கு என்று ஊருக்கு உபதேசம் செய்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் மான்டோ சபலாலா-உம்சிமாங். எச்ஐவிக்கான கூட்டுமருந்து சிகிச்சையைத் தாமதப்படுத்தியது அன்றைய குடியரசுத் தலைவர் தாபோ உம்பெகியின் அரசு. அந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மறுபுறம், புஷ்பக்ரிட்ஜ் பகுதியில் பாரம்பரிய வைத்தியர்கள் பயிற்சி பெற்று, பிளேடால் கீறி மருந்து தேய்க்கும்போது கையுறை அணியப் பழகியிருக்கிறார்கள்.

மினிபஸ் நிலையங்களில் நீட்டப்படும் துண்டுச் சீட்டுகள் வேறு ரகம். ஓடிப்போன காதலர் திரும்புவார், லாட்டரி விழும், எய்ட்ஸ் குணமாகும் என்று ஒரே சீட்டில் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம். பதிவு பெறாத ஒருவர் புற்றுநோய்க்கோ எச்ஐவிக்கோ சிகிச்சை தருவதாகச் சொல்வதே 2007-ஆம் ஆண்டின் பாரம்பரிய வைத்தியர்கள் சட்டப்படி குற்றம். மருத்துவமனை மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.

இங்கே பணிக்கு வரும் தமிழ் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வாமை உண்டா என்று கேட்கும் அதே குரலில் கஷாயத்தைப் பற்றியும் கேளுங்கள். பதில் வந்ததும் முகம் சுளிக்காதீர்கள். பெயர் தெரியவில்லை என்றால், நோயாளியின் அனுமதியோடு அந்த இன்யாங்காவையே தொலைபேசியில் அழைத்து விசாரியுங்கள். குடித்தவருக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். வரும்போது மீதமிருக்கும் கஷாயத்தையும் வேரையும் பொடியையும் கையோடு கொண்டுவரட்டும்.