கத்தித் தீர்த்தால் கோபம் தீருமா?

"உள்ளேயே வைத்துப் புழுங்காதே, கத்திக் கொட்டிவிடு, மனசு லேசாகும்" என்ற அறிவுரையைக் கேட்காதவர்கள் குறைவு. தலையணையைக் குத்தச் சொல்பவர்கள் உண்டு. காசு வாங்கிக்கொண்டு பழைய சாமான்களை உடைக்கவிடும் அறைகள்கூட வந்துவிட்டன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தால் கதை வேறு.

அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றார்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லி, அதைக் கடுமையாக மட்டம்தட்டும் குறிப்போடு திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு மாணவர் திருத்தியதாகச் சொல்லிக் கோபமூட்டுவதுதான் நோக்கம். பிறகு ஒரு பிரிவினர், மட்டம்தட்டியவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர், உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், அந்த ஆளின் காதில் இரைச்சலைப் பாய்ச்சிப் பழிதீர்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம், ஆக்ரோஷமும் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் ஆக்ரோஷம் மிகக் குறைவு.

காரணம் உடம்பில் இருக்கிறது. நம்மை யாரோ சீண்டுகிறார்கள் என்று தோன்றியதும் மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா அபாய மணி அடிக்கிறது. அது மூளையின் இன்னொரு பகுதியான ஹைப்போதலாமஸ் வழியாகச் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குப் போகிறது. அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது, தசைகள் இறுகுகின்றன. "கொஞ்சம் பொறு, நிஜமாகவே சீண்டினாரா?" என்று விசாரிக்க வேண்டிய வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு. அது கொஞ்சம் நிதானமான ஆள். அதன் தீர்ப்பு வருவதற்குள் வாய் முந்திவிடும்.

கிளம்பிய வேகம் உடனே அடங்கிவிடுவதுமில்லை. காரணம் மறந்துபோன பிறகும் உடம்பு பல நிமிடம் உசுப்பலிலேயே இருக்கும். இந்த மிச்சம் அடுத்து வரும் சம்பவத்தின் மேல் ஏறிக்கொள்வதை டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் 1970களில் காட்டினார். காலையில் நெரிசலில் கிளம்பிய உசுப்பல் அடங்குவதற்குள் பிள்ளை தண்ணீரைக் கொட்டினால், திட்டு முழுவதும் பிள்ளைக்கு. குத்துவதும் கத்துவதும் ஓடுவதும் இந்த உசுப்பலைத்தான் ஊதிவிடுகின்றன. 154 ஆய்வுகளைத் தொகுத்து சோஃபி கியார்விக்கும் புஷ்மனும் 2024இல் வெளியிட்ட அலசலும் இதையே சொல்கிறது: மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போல உடம்பை அமைதிப்படுத்துபவை கோபத்தைக் குறைக்கின்றன. மெதுவோட்டம் கோபத்தைக் கூட்டவே செய்தது! ஓடுவது இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் கோபத்துக்கு அது மருந்தில்லை.

சரி, கோபம் எல்லோருக்கும் வருவதுதானே, எப்போது பிரச்சினை? எத்தனை முறை வருகிறது, எவ்வளவு உக்கிரமாக, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அடங்கிய பிறகு என்னென்ன உடைந்து கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கோபக்காரருக்கே இது தெரிவது கஷ்டம், ஏனென்றால் கோபத்தில் இருக்கும்போது நம் பக்கம்தான் நியாயம் என்று உறுதியாகத் தோன்றும். வீட்டாரைப் பார்த்தால் தெரிந்துவிடும்: நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சு நிற்கிறதா, கெட்ட செய்தியை உங்களிடம் சொல்ல ஒருவர் இன்னொருவரைத் தள்ளிவிடுகிறார்களா? கத்தாமல், நாட்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதிருப்பதும் இதே கணக்கில் சேரும். மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் ஒரு அளவுகோலின்படி, சின்ன விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் வாரம் இரண்டு முறை வீதம் மூன்று மாதம் வெடித்தாலோ, ஓராண்டில் மூன்று முறை பொருளை உடைக்கும் அல்லது ஆளைக் காயப்படுத்தும் அளவுக்குப் போனாலோ, அதை ஒரு கோளாறாகவே சந்தேகிக்க வேண்டும். யாரையாவது அடிக்கிற நிலை என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அடிபடுபவரின் பாதுகாப்பு முதலில், சிகிச்சை அப்புறம்.

பல நேரம் கோபத்துக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கும். மனச்சோர்வு எல்லோரிடமும் அழுகையாக வருவதில்லை, சிலரிடம் கடுகடுப்பாக வரும். தூக்கக் குறைவு, குடி, தீராத வலி, தைராய்டு மிகையாகச் சுரப்பது, பழைய கொடுமைகளின் வடு எல்லாம் பட்டியலில் உண்டு. அதனால் முதலில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனாலும் தவறில்லை.

உளவியல் சிகிச்சையில் என்ன நடக்கும்? உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ 1975இல் வகுத்த முறைதான் இன்றைய பல பயிற்சிகளுக்கும் வேர். தாடை இறுகுவது, காது சூடேறுவது போன்ற முதல் அறிகுறிகளைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அடுத்து உடம்பைத் தணிக்கும் பயிற்சி. கடினமான பகுதி மூன்றாவது: "வேண்டுமென்றே செய்தான்" என்று மனசு எழுதும் குற்றப்பத்திரிகையைக் கேள்வி கேட்பது. பிறகு எரிச்சலூட்டும் காட்சிகளைக் கற்பனையில் கொண்டுவந்து, லேசானதிலிருந்து கடுமையானதுவரை படிப்படியாக ஒத்திகை பார்ப்பார்கள். கோபத்துக்கென்றே தனி மாத்திரை கிடையாது. ஆனால் மனச்சோர்வு மருந்துகள் சில, திடீர் வெடிப்புகளைக் குறைக்க உதவுகின்றன.

சண்டையின் நடுவே எழுந்து போவதும் ஒரு உத்திதான், ஆனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: "இப்போது பேசினால் தப்பாகப் பேசுவேன், அரை மணி நேரத்தில் வருகிறேன்." போன இடத்தில் பழைய வாக்குவாதத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால், குத்துப்பையைக் குத்திய மாணவர்களின் கதிதான். சொன்னபடி திரும்பி வந்து பேச்சை முடிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவருக்கு அது இன்னொரு கதவடைப்பு.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் இரண்டு வாரம் சின்னக் குறிப்பு எழுதிப் பாருங்கள்: எப்போது, எதற்கு, அதற்கு முன் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, குடித்திருந்தீர்களா, அடங்க எவ்வளவு நேரம் ஆனது. முடிந்தால் வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் "எப்போதாவது" என்று சொல்லும்போது, அவர் சொல்லும் எண்ணிக்கையும் மருத்துவருக்குத் தேவைப்படும்.