பாட்டியின் சுருக்குப்பையும் பிள்ளை பெற்ற வயிறும்

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இரண்டாவது பெண் பிறந்து மூன்று நாள் ஆகிறது. சுகப்பிரசவம்தான். ஆனால் பிள்ளை மார்பில் வாய் வைத்ததுமே அடிவயிற்றைப் பிடித்து முறுக்குகிறது. தலைப்பிரசவத்தில் இந்த வலி இல்லை. 'உள்ளே அழுக்கு கட்டியிருக்கு, அதான்' என்கிறார் மாமியார். தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறார். ஏதாவது கோளாறா?"

கோளாறு இல்லை. எல்லாம் சரியாக நடக்கிறது என்பதற்கு அந்த வலிதான் சாட்சி. எனக்கும் இரண்டாவது பிரசவத்தில்தான் அது வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வார்டுக்கு வந்த நர்ஸ் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு, ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் கையை எடுத்து நானே வைத்துப் பார்த்தேன். தொளதொளவென்று கிடந்த வயிற்றுக்குள்ளே உரித்த தேங்காய் ஒன்று உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அதுதான் கருப்பை. அது ஏன் கல்லாக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டது பிறகுதான். தெரிந்துகொண்டபின் வலி குறையவில்லை. ஆனால் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

கர்ப்பத்துக்கு முன் கருப்பையின் எடை 60, 70 கிராம். பிரசவ நேரத்தில் அதுவே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அது ஒரு தசைப்பை என்று பத்தாம் வகுப்பிலேயே படித்திருப்போம். அதன் உட்சுவரில் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு அம்மாவின் ரத்தத்தைக் கொண்டுவருபவை சுருள்சுருளான சிறு தமனிகள், ஏறக்குறைய நூறு. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் போகிறது.

பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி பிரிந்து வெளியே வருகிறது. அந்த நூறு குழாய்களின் வாயும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் மொத்தமாக இருப்பதே ஆறு லிட்டர் சொச்சம். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கதை முடிந்துவிடும்.

விரலை அறுத்துக்கொண்டால் ரத்தக்குழாய் தானே இறுகி வாயை மூடிக்கொள்ளும், அதன் சுவரில் தசை இருப்பதால். இந்தத் தமனிகளுக்கு அது முடியாது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள், அதாவது பிள்ளையின் பக்கத்துச் செல்கள், அம்மாவின் கருப்பைச் சுவருக்குள் நுழைந்து, இந்தக் குழாய்களின் தசையைக் கரைத்து, அவற்றை அகலமான, சுருங்கத் தெரியாத குழாய்களாக மாற்றிவிடுகின்றன. தன் ரத்த சப்ளையை அம்மாவின் உடம்பு எந்த நேரத்திலும் குறைத்துவிடக் கூடாது என்று பிள்ளை செய்துகொள்ளும் ஏற்பாடு! பத்து மாதம் வசதியாக இருந்த ஏற்பாடு, பிரசவம் முடிந்த நிமிஷத்தில் பெரும் ஆபத்தாகிவிடுகிறது. குழாயை அடைக்க வேண்டும். குழாய்க்கே அந்தத் திறமை இல்லை.

அப்போது யார் அடைப்பது? சுற்றியிருக்கும் தசைதான்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாய்க்குத் தானே மூடத் தெரியாது. கயிற்றை இழுத்தால் துணி மடிந்து மடிந்து வாய் இறுகிவிடும். கருப்பைச் சுவரின் நடு அடுக்கில் தசைநார்கள் நேர்கோட்டில் ஓடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, எட்டு போட்டதுபோலப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலின் இடுக்குகள் வழியாகத்தான் தமனிகள் உள்ளே போகின்றன. தசை சுருங்கியதும் ஒவ்வொரு இடுக்கும் ஒரு சுருக்கு முடிச்சாக இறுகி, உள்ளே போகும் குழாயை நெரிக்கிறது. நூறு சுருக்குப்பைகளின் கயிற்றை ஒரே கை இழுப்பதுபோல. இதை மருத்துவர்கள் 'உயிருள்ள கட்டு' என்கிறார்கள். நூலும் இல்லை, ஊசியும் இல்லை. ரத்தம் உறைவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. கைத்தசை சுருங்கி, பிறகு தளர்ந்தால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். கருப்பைத் தசை அப்படியில்லை. ஒவ்வொரு முறை சுருங்கித் தளரும்போதும் முன்பைவிடக் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடும். கயிற்றை இழுக்க இழுக்க முடிச்சு பின்னுக்குப் போகாத பை அது.

சரி, கயிற்றை இழுக்கும் கை எது? ஆக்சிடோசின். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வரும் ஹார்மோன். வெறும் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது. 1906இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல் பிட்யூட்டரிச் சாற்றைப் பூனைக்குச் செலுத்தியபோது அதன் கருப்பை இறுகுவதைக் கண்டார். 1953இல் அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார். 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பிள்ளை பிறந்ததும் தாயின் தொடையில் ஒரு ஊசி போடுகிறார்களே, பல ஆஸ்பத்திரிகளில் அது இதுதான்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வரலாம். பிள்ளை காம்பைச் சப்பும்போது அங்கிருக்கும் நரம்புகள் தண்டுவடம் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை ஆக்சிடோசினை இடைவெளி விட்டு, சின்னச் சின்ன வீச்சாக ரத்தத்தில் விடுகிறது. அது மார்பில் பால்பைகளைச் சுற்றியிருக்கும் நுண்தசைகளைப் பிழிந்து பாலை இறக்குகிறது. அதே ஆக்சிடோசின் அதே ரத்தத்தில் கருப்பைக்கும் போய்க் கயிற்றை இழுக்கிறது. மேலே பால், கீழே வலி. பசியில் இருக்கும் பிள்ளை, அம்மாவின் ரத்தப்போக்கை நிறுத்திக்கொண்டிருக்கிறது.

தலைப்பிரசவத்தில் இது ஏன் தெரியவில்லை? முதல் முறை கருப்பை பொதுவாக இறுகியபடியே நின்றுவிடும். அடுத்தடுத்த பிரசவங்களில் அது கொஞ்சம் தளரும், மறுபடி இறுகும், மறுபடி தளரும். அந்த விட்டுவிட்டு இறுகுவதுதான் வலியாகத் தெரிகிறது. மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு கிலோ உறுப்பு ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே இறங்குகிறதே, அந்தச் சதை எங்கே போகிறது? தசைச் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை, இளைக்கின்றன. தங்களுக்குள் சேர்த்து வைத்த புரதத்தைத் தாங்களே செரித்துக்கொள்கின்றன. முதல் வாரத்திலேயே எடை பாதியாகிவிடும். தொப்புள் மட்டத்தில் நின்ற உருண்டை நாளுக்கு ஒரு விரல் அளவு இறங்கி, இரண்டு வாரத்தில் கைக்கு எட்டாமல் இடுப்பெலும்புக்குள் போய்விடும்.

நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். வேறெங்கும் அவ்வளவு பெரிய புண் ஆறினால் தழும்பு விழும். இங்கே விழாது. விளிம்பிலிருந்தும் அடியிலிருந்தும் புதிய படலம் வளர்ந்து, பழையதைக் கீழிருந்து பெயர்த்து உதிர்த்துவிடுகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தழும்பு சேர்ந்து, கடைசியில் அடுத்த கரு ஒட்ட இடமே இருக்காது. இப்படி உதிர்வதைத்தான் உங்கள் மாமியார் அழுக்கு என்கிறார். முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், பத்து நாளுக்குமேல் வெளிறிய மஞ்சளாகவும் போய் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நின்றுவிடும். சிசேரியன் ஆனவர்களுக்கும் இதே கதைதான். மேலே தையல் வலி உபரி.

கருப்பை இறுகாமல் துவண்டு போனால்தான் பிரச்சினை. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் பெரும் ரத்தப்போக்கால் உலகில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பெண்கள் இறக்கிறார்கள். ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் நிற்காத ஊருக்கு அது சரி. வெயிலைத் தாங்கும் கார்பெட்டோசின் என்ற மாற்று மருந்து அதே அளவுக்கு வேலை செய்கிறதா என்று பத்து நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். செய்கிறது. கசியும் ரத்தத்தை அளக்க, கீழே அளவுக்கோடு போட்ட பை வைத்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வுக்காகச் செய்தார்கள். அதேபோன்ற விரிப்போடு உடனடி சிகிச்சையையும் சேர்த்து நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு! கண்ணால் பார்த்து உத்தேசமாகச் சொல்வதை இத்தனை காலம் ஏற்றுக்கொண்டிருந்தோம். இதிலெல்லாம் கம்பெனிக்குப் பெரிய லாபம் இல்லை. ஆகவே இந்த ஆராய்ச்சிக்கு அரசுதான் பணம் போட வேண்டும், இன்னும் தாராளமாகப் போட வேண்டும் என்பது என் கட்சி.

மனசு? நஞ்சுக்கொடி வெறும் சாப்பாட்டுக் குழாய் இல்லை, ஹார்மோன் தொழிற்சாலையும்கூட. அது வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஓரிரு நாளில் தரைக்கு வந்துவிடும். அந்த வீழ்ச்சிதான் மார்பில் பால் கட்டச் சொல்கிறது. காரணமில்லாமல் கண்ணில் நீர் கட்டுவதிலும் அதற்குப் பங்குண்டு. இரண்டும் மூன்றாம் நாள் வாக்கில் வருவது தற்செயல் இல்லை. அந்த அழுகை இரண்டு வாரத்தில் தானே போய்விடும். போகாவிட்டால், தூக்கமும் பசியும் போய், பிள்ளைமேலேயே பிடிப்பில்லாமல் ஆனால், அது மனச்சோர்வு நோய். சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் போக வேண்டும். இல்லாத குரல் கேட்பது, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று தோன்றுவது என்றால் அன்றைக்கே போக வேண்டும். "காத்து கருப்பு" என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். "பச்சை உடம்பு, நீர் கோத்துக்கும்" என்பது கண்ணால் பார்த்ததைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. கர்ப்பத்தில் சேர்ந்த நீரை உடம்பு முதல் வாரத்தில் சிறுநீராகவும் ராத்திரி வியர்வையாகவும் வெளியேற்றுகிறது. அது குடித்த தண்ணீர் தங்குவதால் அல்ல. இந்த ஆறு வாரமும் ரத்தம் வழக்கத்தைவிடச் சுலபமாக உறையும். தண்ணீரைக் குறைத்துப் படுக்கவும் வைத்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வர வழிசெய்கிறோம். தாகத்துக்குக் குடியுங்கள். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. வயிற்றில் துணி கட்டினால் இடுப்புக்கு இதமாக இருக்கும், கருப்பையை அது சுருக்காது.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோ நாற்றமோ வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, பால் கொடுக்க உட்காருமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிறைந்த மூத்திரப்பை கருப்பையை மேலே தள்ளி இறுகவிடாமல் செய்யும். பாலூட்டும் தாய்க்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த முறை பிள்ளை வாய் வைத்ததும், மாமியாரின் கையை எடுத்து உங்கள் தொப்புளுக்குக் கீழே வையுங்கள். அழுக்கு கட்டியிருக்கு என்று அவர் சொன்ன இடத்தில், கருப்பை அவர் கைக்கடியிலேயே உருண்டு கல்லாவது தெரியும்.