ராத்திரிச் சோற்றை நிறுத்தாதீர்கள்

"மிஸ்ஸி, இவ பெரிய மனுஷியாகி நாலு மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள அஞ்சு கிலோ ஏறிட்டா. ராத்திரி சோத்த நிப்பாட்டிட்டேன்."

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு வந்த அம்மா இவர். 12 வயது மகளோ பள்ளிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எடை மெஷினில் ஏறவே மாட்டேன் என்று நின்றாள். "பைய கீழ வைம்மா" என்று சொல்லி, முதலில் உயரத்தை அளந்தேன். ஒரே வருடத்தில் 7 சென்டிமீட்டர் கூடியிருந்தாள்! ஏறிய எடையில் எலும்பும் தசையும் ரத்தமும் உண்டு. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வதும் இந்த வயதின் இயல்புதான். வளர்ந்து முடிந்த உடம்பின் எடையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் சேர்கிறது.

பெண்பிள்ளைகள் மளமளவென்று உயர்வது வயதுக்கு வருவதற்கு முன்னால். வந்த பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் பாக்கி. அந்த மிச்ச வளர்ச்சிக்கும் மாதாமாதம் போகும் ரத்தத்துக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டாமா? கீரை, முட்டை, மீன், பருப்பு எல்லாம் சோற்றோடுதானே உள்ளே போகிறது!

ஆனால் அவள் பின்னலை ஒதுக்கியபோது பிடரி வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுத்திருந்தது. அழுக்கென்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார் அம்மா. தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படிக் கறுக்கும். நம் குடும்பங்களில் இனிப்புநீர் என்கிற நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது நமக்கே தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். நிறுத்தச் சொன்னது பள்ளிக் கெண்டினில் குடிக்கும் சிரப் தண்ணீரையும், வீட்டில் டின் பால் ஊற்றிக் கலக்கும் மைலோவையும்தான்.

8 வயதுக்கு முன்பே பெண்பிள்ளைக்கு மார்பு வளர்ந்தாலோ, 13 வயதாகியும் வளரத் தொடங்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 வயதுக்கு முன் தெரிந்தாலும், 14 ஆகியும் தெரியாவிட்டாலும் அப்படியே.

கூட வந்த அண்ணனுக்கு 13 வயது. தங்கையைவிடக் குட்டை. "கட்டைன்னு கூப்பிடுறாங்க மிஸ்ஸி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பையன்களுக்கு மளமளவென்று உயரும் அந்த வேகம் பெண்களைவிடச் சுமார் 2 வருடம் பிந்தித்தான் வரும். உச்சத்தில் வருடத்துக்கு 9, 10 சென்டிமீட்டர்கூடக் கூடுவார்கள். உடம்புக்கு முன்னால் பாதம் நீளும்.

"சப்பாத்து எப்படிம்மா?"

"இந்த வருஷம் ரெண்டு ஜோடி வாங்கியாச்சு மிஸ்ஸி, அதுவும் இப்ப கடிக்குதாம்."

ஆறு மாதம் கழித்து அவனையும் அளப்பதற்குத் தேதி குறித்துக் கொடுத்தேன்.